டான்யூப் கரையில் நிற்கும் சனம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், எங்கள் கணினி வகுப்புப் பிள்ளைகள் டிசம்பர் விடுமுறையில் செய்த ஒரு விளையாட்டைப் பற்றி எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினிப் போர் விளையாட்டோடு ஒரு எடிட்டரும் சேர்ந்து வரும். அதில் நாமே வரைபடம் வரைந்து, ஆட்களை நிறுத்தி, எந்த நேரத்தில் எது நடக்கவேண்டும் என்று எழுதிச் சொந்தமாக ஒரு கதைத்தொடரே செய்துவிடலாம். கோத்தியர், வண்டலர், ஹூணர் என்ற இனங்கள் உரோமப் பேரரசை உலுக்கிய அந்த நூறு வருடத்தை, 376 முதல் 476 வரை, நாங்கள் ஆறு மிஷன்களாகச் செய்தோம். பிள்ளைகள் வைத்த பெயர் 'ஆறு கடந்தவர்கள்'. மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறைப் பக்கமிருந்தும் வந்து பென் டிரைவில் கொண்டுபோனவர்கள் விளையாடிப் பார்த்துவிட்டு நிறையக் கேட்டிருக்கிறார்கள். இந்த இதழில் இடம் கிடைத்த அளவுக்குப் பதில் சொல்கிறேன்.

சேர், முதல் மிஷனில் இருபது நிமிஷம் சண்டையே இல்லை. சாப்பாடு குறைந்துகொண்டே போகுது, வில்லேஜர் (வேலை செய்யும் ஊராள்) தானாகச் சாகுது. இது பிழையா, வேண்டுமென்றே வைத்ததா?
– சாதாரண தர மாணவர், ஆரையம்பதி

வேண்டுமென்றே வைத்ததுதான் தம்பி. உண்மையில் இந்தத் தொடரையே அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான் செய்தோம்.

376ஆம் ஆண்டு கோத்தியர் உரோமை அடிக்க வரவில்லை. ஹூணர் கிழக்கிலிருந்து வந்து அடித்ததில் வீடு வாசலை விட்டு, வண்டி, மாடு, கிழவி, கைக்குழந்தை என்று டான்யூப் ஆற்றின் வடகரையில் வந்து குவிந்தவர்கள் அவர்கள். எங்களை உள்ளே விடுங்கள், உங்கள் நிலத்தில் வேளாண்மை செய்கிறோம், உங்கள் படையிலும் சேர்கிறோம் என்று கிழக்கு உரோமப் பேரரசன் வாலன்ஸிடம் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அவனும் ஓம் என்றான், படைக்கு ஆள் சும்மா கிடைக்கிறது என்ற கணக்கில். அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. அந்தச் சனத்துக்கு உணவு கொடுக்கும் பொறுப்பு லூபிசினஸ், மாக்சிமஸ் என்ற இரண்டு அதிகாரிகளிடம் இருந்தது. அவர்கள் பசியை வைத்து வியாபாரம் செய்தார்கள். நாய்களைப் பிடித்துவந்து, ஒரு நாய்க்கு ஒரு ஆள் என்று அடிமையாக வாங்கினார்கள், அப்படிப் போனவர்களில் தலைவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். இதை எழுதிவைத்தவர் அம்மியானஸ் மார்செல்லினஸ், அதே காலத்தில் வாழ்ந்தவர், தானே உரோமப் படையில் இருந்தவர், கோத்தியருக்கு வக்காலத்து வாங்கும் ஆளே இல்லை.

இதை விளையாட்டில் எப்படிக் காட்டுவது என்று வகுப்பில் இரண்டு நாள் பேசினோம். கடைசியில் செய்தது இதுதான்: அறுபது வினாடிக்கு ஒருதடவை திரும்பத் திரும்ப ஓடும் ஒரு ட்ரிகர் (இது நடந்தால் அது நடக்கட்டும் என்று எடிட்டரில் எழுதும் கட்டளை), உங்கள் கையிருப்பிலிருந்து 50 உணவைக் கழிக்கும். கையிருப்பு 100க்குக் கீழே போனால் இன்னொரு ட்ரிகர் ஒரு வில்லேஜரை எடுத்துவிடும். உரோமக் களஞ்சியம் பக்கத்தில்தான் இருக்கிறது, அங்கே ஒரு வில்லேஜரைக் கொண்டுபோய் நிறுத்தினால் 80 உணவு வரும், ஆனால் அந்த வில்லேஜர் நிறம் மாறி உரோமர் பக்கம் போய்விடுவார். நீங்கள் அந்த இடத்தை இதுவரை தொடவில்லை என்று நினைக்கிறேன், தொட்டிருந்தால் பிழையா என்று கேட்டிருக்க மாட்டீர்கள்.

எனக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். உலருணவு கொடுக்கும் நாளில் பருப்பு அளந்தவர், சுண்டை, அதாவது அளக்கும் பேணியை, நிரப்பி, அதன் வாயில் பெருவிரலை வைத்து ஒரு தட்டுத் தட்டுவார். ஒரு பிடி பருப்பு திரும்பச் சாக்குக்குள் விழும். ஒவ்வொரு சுண்டுக்கும் அந்தத் தட்டு. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை, என் அம்மா உட்பட. அம்மியானஸ் சொன்ன அந்த நாய்க் கதையைப் படித்தபோது எனக்கு அந்தப் பெருவிரல்தான் கண்ணில் வந்து நின்றது. படையெடுப்பு என்று புத்தகத்தில் ஒரு சொல்லாகப் போடுவதற்குள்ளே இப்படி எத்தனை சுண்டு இருக்கும் என்று பிள்ளைகள் யோசிக்கவேண்டும் என்று விரும்பினேன். அதனால் இருபது நிமிஷத்தைப் பத்தாக்கச் சொல்லாதீர்கள், குறைக்க மாட்டேன்.

மகன் விடுமுறை முழுக்க இதிலேயே இருக்கிறான். இது படிப்புக்கு உதவுமா, கெடுக்குமா?
– ஒரு தாய், கல்முனை

ஒரு மிஷனுக்கு ஒரு மணித்தியாலம் போதும் அம்மா, அதற்கு மேல் எடுத்தால் அவர் தோற்றுத் தோற்றுத் திரும்ப விளையாடுகிறார் என்று அர்த்தம். நாளுக்கு ஒரு மிஷன் என்று வையுங்கள், முடிந்ததும் சேவ் பண்ணிவிட்டு எழும்பச் சொல்லுங்கள். பரீட்சைக்கு நேரடியாக உதவும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மகன் எடிட்டரைத் திறந்து தானே ஒரு ட்ரிகர் எழுதப் பார்த்தால் தடுக்காதீர்கள். "இது நடந்தால் அது நடக்கட்டும்" என்று பிழையில்லாமல் எழுதிப் பழகுவதுதான் நிரலாக்கத்தின் முதல் பாடம், எங்கள் வகுப்பில் மூன்று பிள்ளைகள் அந்த வழியால்தான் உள்ளே வந்தார்கள்.

அட்ரியானோபிள் மிஷனில் ஆறு தடவை தோற்றுவிட்டேன். கோத்தியரிடம் கல்மதில்கூட இல்லை. உரோமர் வந்து நேரே ஏறி மிதிக்கிறார்கள். எப்படி வெல்வது?
– அக்கரைப்பற்று வாசகர்

நீங்கள் முந்திக்கொண்டு அடிக்கிறீர்கள் தம்பி, அதுதான் சிக்கல். கோத்தியருக்கு இந்த விளையாட்டில் கல்மதில் கட்ட முடியாது, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவர்களுடைய பலம் மலிவான காலாள். அதிலும் ஹஸ்கார்ல் என்ற வீரனுக்கு அம்பு பெரிதாக ஏறாது. ஆனால் இந்த மிஷனில் பாரக்ஸ் (காலாட்களை உருவாக்கும் கட்டடம்) கொடுக்காமல் விட்டிருக்கிறோம், கையில் இருப்பவர்களை வைத்துத்தான் சமாளிக்கவேண்டும்.

378 ஓகஸ்ட் 9ஆம் திகதி நடந்ததைப் பார்த்தால் வழி தானாகத் தெரியும். வாலன்ஸுக்கு உதவியாக மேற்கிலிருந்து அவனுடைய அண்ணன் மகன் கிரட்டியன் படையோடு வந்துகொண்டிருந்தான். வாலன்ஸ் காத்திருக்கவில்லை. எதிரி பத்தாயிரம் பேர்தான் என்று வேவுகாரர் சொன்னதை நம்பி, வெற்றியைப் பங்குபோட மனமில்லாமல், காலையில் புறப்பட்டு, ஓகஸ்ட் வெயிலில் இரும்புக் கவசத்தோடு படையை நடத்திக்கொண்டுபோனான். சோறு தண்ணீர் ஒழுங்காக இல்லை. மத்தியானம் தாண்டிப் போய்ச்சேர்ந்தபோது கோத்தியர் வண்டிகளை வட்டமாக நிறுத்தி உள்ளே இருந்தார்கள், வெளியே வயலுக்கு நெருப்பு வைத்திருந்தார்கள். சித்திரை வெயிலில் கதிர் வெட்டிய வயல்வட்டைக்குள் நின்று, பக்கத்தில் வைக்கோல் எரியும்போது மூச்சுவிட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தப் படையின் நிலை விளங்கும். கோத்தியர் தலைவன் பிரிட்டிகர்ன் சண்டையை ஆரம்பிக்காமல் சமாதானம் பேசத் தூது மேல் தூது அனுப்பிக்கொண்டே இருந்தான். சமாதானம் அவனுக்கு உண்மையிலேயே வேண்டியிருந்ததோ என்னவோ, நேரம் கட்டாயம் வேண்டியிருந்தது, அவனுடைய குதிரைப்படை எங்கோ தூரத்தில் இரை தேடப் போயிருந்தது.

அதையே நீங்களும் செய்யுங்கள். மிஷன் ஆரம்பித்ததும் ஒரு பாதிரியார் உங்கள் கையில் இருப்பார், அவரை உரோமக் கொடி நிற்கும் இடத்துக்கு அனுப்புங்கள், நாலு நிமிஷம் உரோமர் அசையமாட்டார்கள். திரும்ப அனுப்புங்கள், இன்னும் மூன்று நிமிஷம். அவர்கள் நிற்க நிற்க உயிர்ப்பட்டை இறங்கிக்கொண்டே வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? அது வெயிலுக்காக நாங்கள் வைத்த ட்ரிகர். வண்டி வட்டத்துக்கு வெளியே ஒருவரையும் விடாதீர்கள். பன்னிரண்டாவது நிமிஷம் குதிரைகள் மேற்கு மூலையிலிருந்து வரும். அதற்குப் பிறகு வட்டத்தைத் திறந்து இரண்டு பக்கத்தாலும் நெருக்குங்கள். உண்மையில் உரோமர் அப்படித்தான் நெருங்குப்பட்டு, வாளை ஓங்கக்கூட இடமில்லாமல் நின்றார்கள். அன்றைக்கு அந்தப் படையில் மூன்றில் இரண்டு பங்கு போனது, வாலன்ஸின் உடல் கிடைக்கவேயில்லை.

'பார்பேரியன்' என்பதற்குக் காட்டுமிராண்டி என்று போடாமல் எல்லா இடத்திலும் இனப்பெயரையே போட்டிருக்கிறீர்கள். ஏன்?
– சம்மாந்துறை வாசகர்

நல்ல கேள்வி காக்கா. வகுப்பில் ஒரு பிள்ளை முதலில் காட்டுமிராண்டி என்றுதான் தட்டச்சுச் செய்திருந்தது. நான்தான் மாற்றச் சொன்னேன்.

அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு ஆரம்பத்தில் கொடூரம் என்ற பொருள் கிடையாது. கிரேக்கம் தெரியாதவன் பேசும்போது அவர்கள் காதுக்கு 'பர் பர்' என்று கேட்டது, அதனால் பார்பரோஸ். எனக்கு விளங்காத பாஷை பேசுகிறவன், அவ்வளவுதான். இதில் எனக்குப் பிடித்த சங்கதி என்னவென்றால், எங்கள் முல்லைப்பாட்டிலும் இதே பார்வை இருக்கிறது. போர்ப் பாசறையில் அரசனுடைய கூடாரத்துக்குக் காவலாக மிலேச்சர் என்ற அயல்நாட்டார் நிற்கிறார்கள், நாவால் பேசாமல் உடம்பால் சைகை காட்டிப் பேசுகிறவர்கள் என்று புலவர் அவர்களைக் காட்டுகிறார். அவர்களுக்கு நாக்கு இல்லாமல் இல்லை, தமிழ் இல்லை. இரண்டு மொழியும் அயலானைக் காதால்தான் அளந்திருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள், அந்த அயலான் நிற்கும் இடம் அரசனின் கூடாரத்து வாசல். உரோமிலும் அதுதான். நாலாம் நூற்றாண்டு முடியும்போது உரோமப் படையில் பெரும் பெரும் தளபதிகளே ஜெர்மானிய வம்சத்தவர்கள். மேற்கைப் பத்து வருடத்துக்கு மேல் தாங்கிப் பிடித்த ஸ்டிலிக்கோவின் தகப்பன் ஒரு வண்டலர்.

அதனால் பெயரையே சொல்வோம் என்று முடிவெடுத்தோம். கோத்தியர், வண்டலர், ஹூணர், அலானியர். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு கதை, ஒரே சொல்லில் போட்டு அடைத்தால் அந்தக் கதை தொலைந்துபோகும். பன்மொழியும் பல சமயமும் ஒரே தெருவில் இருக்கும் எங்கள் கரையோரத்து ஆட்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை.

இது பழைய கொம்பியூட்டரில் ஓடுமா?
– ஏறாவூர் வாசகர்

2019இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷனில் செய்தது. குறைந்தது 4 ஜீபி ராம் வேண்டும், 8 இருந்தால் தடுமாறாது. 1999இல் வந்த பழைய பதிப்பில் ஓடாது, பழையதில் செய்ததைப் புதியதில் திறக்கலாம், புதியதைப் பழையதில் திறக்க முடியாது. போனில் மட்டும் விளையாடக் கூடியவர்களுக்கு இதே காலத்தைப் பற்றிய இன்னொரு விளையாட்டு இருக்கிறது, ரோம் டோட்டல் வாரின் பார்பேரியன் இன்வேஷன். 2005இல் கணினிக்கு வந்தது, பிற்பாடு போனுக்கும் வந்தது. 363இல் தொடங்கும். அதில் ஒரு இனம் தன் கடைசி ஊரையும் இழந்தால் அழிந்துபோகாது, மொத்தச் சனமும் படையாகக் கிளம்பி நகரும். அந்த ஒரு யோசனைக்காகவே அந்த விளையாட்டை மதிக்கிறேன்.

ஐந்தாவது மிஷனில் எனது கப்பல் எல்லாம் எரிந்துபோகுது. ஆயிரம் கப்பலோடு போன உரோமர் உண்மையிலும் இப்படித் தோற்றார்களா?
– கடற்றொழிலாளர், வாழைச்சேனை

தோற்றார்கள் அண்ணே. நீங்கள் கடலில் நிற்பவர், உங்களுக்கு இது ஒரே வரியில் விளங்கும்: காற்று மாறும்வரை எதிரிக்கு நேரம் கொடுத்தார்கள்.

வண்டலர் ஆதியில் கடல் ஆட்களே இல்லை. 406 கடைசி நாளில் ரைன் ஆற்றைத் தாண்டி வந்தவர்கள், பிரான்சைக் கடந்து, ஸ்பெயினில் இருபது வருடம் அலைந்து, 429இல் கைசெரிக் என்ற அரசனோடு ஆபிரிக்காவுக்குப் போனார்கள். எண்பதாயிரம் சனம் என்று ஒரு கணக்கு எழுதப்பட்டிருக்கிறது, பிள்ளை குட்டி, கிழடு கட்டை எல்லாம் சேர்த்து. 439இல் கார்த்தேஜ் துறைமுகம் அவர்கள் கைக்குப் போனது. உரோம் நகரத்தின் சோறு அந்தத் துறைமுகத்தால்தான் போய்க்கொண்டிருந்தது, ஆபிரிக்கக் கோதுமை. அதோடு துறைமுகத்தில் நின்ற கப்பலும் கப்பல் கட்டுகிறவனும் சேர்ந்து கிடைத்தார்கள். ஒரு தலைமுறைக்குள் மத்தியதரைக் கடலே அவர்களைப் பார்த்துப் பயந்தது. 455இல் உரோமுக்கே வந்து பதினாலு நாள் ஆறுதலாக இருந்து சூறையாடிக்கொண்டு போனார்கள்.

468இல் கிழக்கும் மேற்கும் சேர்ந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட கப்பல்களை அனுப்பின. தளபதி பசிலிஸ்கஸ் கார்த்தேஜுக்குக் கிட்ட, கேப் போன் என்ற முனையில் நங்கூரம் போட்டான். உடனே இறங்கியிருந்தால் கதை வேறு. கைசெரிக் ஐந்து நாள் தவணை கேட்டான், கொடுத்தார்கள். அந்த ஐந்து நாளுக்குள் அவன் எதிர்பார்த்த காற்று வந்தது. ஆளில்லாத வள்ளங்களில் நெருப்பை வைத்துப் பாய் விரித்து விட்டான். நெருக்கமாகக் கட்டிநின்ற கப்பல்களுக்குள்ளே அந்த நெருப்பு போனது. கச்சான் காற்று எப்போது விழும், வாடை எப்போது எழும்பும் என்று உங்களுக்குத் தெரிந்ததுபோல அவனுக்கும் அந்தக் கரை தெரிந்திருந்தது.

விளையாட்டில் காற்று என்று ஒன்று கிடையாது. அதனால் ஐந்தாவது நிமிஷத்தில் நெருப்புக் கப்பல்கள் தோன்றும்படி எழுதியிருக்கிறோம். நாலு நிமிஷத்துக்குள் படையைக் கரையில் இறக்கினீர்கள் என்றால் தப்பலாம். தவணை கேட்டு வரும் தூதனுக்கு ஓம் சொல்லாதீர்கள்.

உரோமுக்கும் எங்களுக்கும் ஏதும் தொடர்பு இருந்ததா? இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகள் ஏன் இதைப் படிக்கவேண்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருக்கோவில்

இருந்தது ஐயா. கோத்தியர் தலைவன் அலாரிக் 408இல் உரோமை முற்றுகையிட்டபோது, விலகிப்போவதற்கு அவன் கேட்டதில் 5,000 இறாத்தல் பொன், 30,000 இறாத்தல் வெள்ளி, 4,000 பட்டு அங்கி, இவற்றோடு 3,000 இறாத்தல் மிளகும் இருந்தது. அந்த மிளகு விளைந்தது எங்களுக்குப் பக்கத்துக் கரையில், பழைய சேரநாட்டு மலையடிவாரத்தில். எங்கோ வடக்கில் பிறந்த ஒரு கோத்தியன் பொன்னோடு சமமாகக் கேட்கிற அளவுக்கு அது போய்ச்சேர்ந்திருக்கிறது.

காசும் இருக்கிறது. நாலாம் ஐந்தாம் நூற்றாண்டு உரோமச் செப்புக் காசுகள் இலங்கையில் பல இடங்களில் குவியலாகக் கிடைத்திருக்கின்றன, அவை போதாமல் அதே மாதிரி இங்கேயே வார்த்த காசுகளும் கிடைத்திருக்கின்றன. பேரரசர்கள் ஆர்காடியஸ், ஹொனோரியஸ் முகம் போட்ட காசுகளும் அவற்றில் உண்டு. எங்கள் நாலாவது மிஷனில் ரவென்னா அரண்மனையில் இருந்துகொண்டு அசையமாட்டேன் என்கிறானே, அதே ஹொனோரியஸ்தான். அவனுடைய முகத்தை இந்தத் தீவில் யாரோ ஒரு வியாபாரி விரலால் தடவிப்பார்த்து வாங்கியிருக்கிறான். 476இல் ஓடோஅக்கர் என்ற தளபதி கடைசி மேற்குப் பேரரசன் ரொமுலஸ் அகஸ்துலஸை இறக்கியதற்குச் சில வருட வித்தியாசத்தில்தான் இங்கே காசியப்பன் தகப்பன் தாதுசேனனைக் கொன்று சிகிரியாவில் ஏறினான். பிள்ளைகள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

நாலாவது மிஷனில் உரோமர் பக்கம் விளையாடுகிறோம். எப்படி விளையாடினாலும் உரோம் சூறையாடப்படுகிறது. காப்பாற்றவே முடியாதா?
– பொத்துவில் வாசகி

முடியும் தங்கச்சி. ஆனால் படையால் முடியாது, அதனால்தான் நீங்கள் தோற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

408 ஓகஸ்டில் ஹொனோரியஸ், அரண்மனைப் பேச்சைக் கேட்டு, தன் ஒரே நல்ல தளபதி ஸ்டிலிக்கோவின் தலையை எடுத்தான். அதோடு நிற்கவில்லை. இத்தாலிய நகரங்களில் இருந்த அயலின வீரர்களின் மனைவி பிள்ளைகளை உரோமப் படையினரே வெட்டிப்போட்டார்கள். உரோமுக்காகச் சண்டை பிடித்த அந்த வீரர்கள் முப்பதாயிரம் பேர் அலாரிக் பக்கம் போனார்கள் என்று எழுதப்பட்டிருக்கிறது. யார் போகமாட்டார்கள்? அடுத்த வருடம் அலாரிக் தன் கேட்பைக் குறைத்துக்கொண்டே வந்தான். கடைசியில் கேட்டது, பொன்னும் வேண்டாம், பதவியும் வேண்டாம், டான்யூப் பக்கத்தில் நோரிக்கம் என்ற அடிபட்ட மாகாணமும் வருடாவருடம் கொஞ்சத் தானியமும் தந்தால் போதும். அதற்கும் இல்லை என்றார்கள். 410 ஓகஸ்ட் 24 உரோமுக்குள் புகுந்தான், மூன்று நாள்.

மிஷன் தொடங்கும்போது அரசன் உருவம் ஒன்று உங்கள் கையில் இருக்கும். எல்லோரும் அவரைக் கோட்டைக்குள் பத்திரமாக வைத்துவிட்டுப் படை கட்டப் போகிறார்கள். அவரை வெளியே எடுங்கள். வடக்கு வாசலில் இரண்டு கொடி இருக்கிறது, சிவப்புக் கொடிக்குப் போனால் தூதரைத் துரத்துவது, நீலக் கொடிக்குப் போனால் தானியம் கொடுப்பது. நீலத்துக்குப் போகும்போது கையில் 2,000 உணவு இருக்கவேண்டும். வயல்களை முதல் பத்து நிமிஷத்துக்குள் போட்டுவிடுங்கள், பாரக்ஸ் பக்கம் போகாதீர்கள். அலாரிக்கின் நிறம் நட்பாக மாறும், மிஷன் முடியும். வெறும் 2,000 உணவு. இதை முதன்முதலாகச் செய்துபார்த்த எங்கள் வகுப்புப் பிள்ளை கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவ்வளவுதானா சேர்?" என்று கேட்டது.

முதல் மிஷனில் வரும் ஆற்றுத்துறை எங்கள் பாதை (ஆட்களை அக்கரைக்கு ஏற்றும் மிதவை) மாதிரியே இருக்கிறது. கடைசி வள்ளம் போன பிறகும் வடகரையில் கொஞ்சச் சனம் குதிரைகளோடு நிற்கிறது. அவர்களை ஏற்ற வழியே இல்லையா? விட்டுவிட்டு வர மனமில்லை.
– மண்டூர் வாசகர்

குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு வரும் பாதையைப் பார்த்துத்தான் அந்தத் துறையை வரைந்தோம். இரண்டு பிள்ளைகள் படுவான்கரையிலிருந்து வகுப்புக்கு வருகிறவர்கள், பாதை போய்விட்டால் அடுத்ததுக்கு எவ்வளவு நேரம் நிற்கவேண்டும், நிற்கும்போது சனம் எப்படி முன்னுக்கு முன்னுக்கு நெருக்கும் என்பது அவர்களுக்குத் தண்ணிபட்ட பாடு. விளையாட்டில் ஏற்றும் கப்பல் ஆரம்பத்தில் ஐந்து பேரைத்தான் கொள்ளும், அதை நாங்கள் கூட்டவில்லை. அம்மியானஸ் எழுதியதில் வள்ளம், தெப்பம், குடைந்த மரம் என்று கிடைத்ததில் எல்லாம் இரவு பகலாகக் கடந்தார்கள், மழையில் பெருகிய ஆற்றில் நீந்தப் பார்த்து மூழ்கிப்போனவர்களும் நிறைய. அதனால் உங்கள் கப்பல் அத்தனை தடவை போய்வருவது சரிதான்.

கரையில் நிற்பவர்களை ஏற்ற முடியாது. அவர்கள் வேறொரு கோத்தியக் கூட்டம், கிரூதுங்கியர். அலத்தியஸ், சாஃப்ராக்ஸ் என்று இரண்டு தலைவர்கள். அவர்களும் அதே கரையில் நின்று அதே மாதிரிக் கேட்டார்கள், உரோமர் உங்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பிறகு லூபிசினஸ் உள்ளே வந்த சனத்தை ஓட்டிக்கொண்டுபோக ஆற்றுக் காவலை எடுத்த நேரம் பார்த்து, அவர்கள் தாங்களாகவே தெப்பம் கட்டிக் கடந்துவிட்டார்கள். இரண்டாவது மிஷனில், லூபிசினஸ் விருந்துக்கு அழைத்துப் பிரிட்டிகர்னின் காவலரை வெட்டும் இடத்தில் எல்லோரும் வரைபடத்தின் நடுவையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வடக்கு ஓரத்துக்குப் போய்ப் பாருங்கள், ஆற்றில் தெப்பங்கள் போய்க்கொண்டிருக்கும்.

அக்கரைப்பற்றுத் தம்பிக்குச் சொன்னேனே, அட்ரியானோபிளில் பன்னிரண்டாவது நிமிஷம் குதிரைகள் வரும் என்று. அவற்றை ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் அலத்தியஸும் சாஃப்ராக்ஸும்தான். முதல் மிஷனைத் திரும்ப எடுத்து வடகரையில் நிற்கிற குதிரைகளை எண்ணிப் பாருங்கள், நாற்பது. மூன்றாவது மிஷனில் மேற்கு மூலையால் வருவதும் நாற்பது.